பின்னறைப் பைகள்

பாகீரதி பால் கவர்களைக் கழுவிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். இவற்றைப் பழைய பேப்பர்காரன் எடுத்துக்கொள்வான். மெல்லிய பிளாஸ்டிக் கடைப் பைகளை மட்டும், "சோல்பே நா, மாஷிமா", இது ஆகாது மாமி, என்று வங்காளியில் சொல்லித் தள்ளிவிடுவான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மழையில் தெருவை ஒட்டிய பெஹாலா கால்வாய் பொங்கி, அவள் எறிந்த பைகளில் பாதி வாசலுக்கு வந்து நின்றன. மீதி கங்கை வழியே கடலுக்குப் போயிருக்கும் என்று அவளுக்கு உறுத்தியது. அன்றிலிருந்து ஒரு பையையும் எறியவில்லை. ஆறு வருஷத்தில் பின்னறை நிரம்பிவிட்டது.

"ஜெயா பிரசவத்துக்கு வரப் போறா. அந்த ரூமை விட்டா வேற ரூம் ஏது?" என்றார் கணவர் சிவராம்.

"கத்தாதேங்கோ. அதுக்குள்ள யாராவது எடுத்துண்டு போவா."

"ஆறு வருஷமா வராதவன் இப்ப வருவானாக்கும்! கால்வாய்ல கொட்டட்டுமா, இல்லே பொண்ணை வராதேன்னு சொல்லட்டுமா?"

பாகீரதி சுவரிலிருந்து ஒரு கவரை உரித்தாள். சிவராம் பின்னறைப் பைகளைத் தொடாமலே வெளியே போனார்.