ஆயுத பூஜையன்று பார்த்த மோட்டார்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறார் ஜாக்குலின். பேரிங் நன்றாக இருந்தால் அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. கோளாறு என்றால் கீழுதடு பிதுங்கும். "சோத்துல கல்லு கடிபடுறா மாதிரி கேக்குது. எழுதி வெச்சுக்குங்க, இது ரொம்ப நாள் தாங்காது" என்பார். எதிரே ஸ்டாண்டில் நிற்கும் செல்போன் அதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் பில் போடுவது ஜாக்குலினின் வேலை. மற்ற நேரத்தில் வீட்டுத் தண்ணீர் மோட்டார்களைச் சோதித்து, எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று யூட்யூபில் சொல்கிறார். கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கிய மோட்டார்கள் அடுத்தடுத்து எரிந்துபோன ஆத்திரத்தில் ஆரம்பித்தது இது.

நான் எதிர் வீட்டுக்காரன். என் வயிற்றெரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். இணையத்தில் 'சிறந்த பத்து மோட்டார்கள்' என்று எழுதுகிறார்களே, அவர்களில் பலர் ஒரு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தவர்கள் மாதிரியே தெரியவில்லை. அட்டைப்பெட்டியில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பு எவ்வளவு ஆழம், மாடித் தொட்டிக்குப் போகும் பைப்பில் எத்தனை வளைவு என்று ஒரு கேள்வி கிடையாது. கடைசியில், வாங்குவதற்கு இங்கே அழுத்தவும். வெட்கம் என்ற ஒன்று இருந்தால் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

ஜாக்குலின் வழி வேறு. மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி செம்பா அலுமினியமா என்று சுரண்டிப் பார்ப்பார். மாடியில் ஒரு டிரம் வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார். போன வருடம் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், "இன்னும் ஓடிகினு இருக்குதா, பேஜார் பண்ணுதா?" என்று கேட்டு, அதையும் வீடியோவில் சேர்ப்பார். பாதி பேர் டீ கொடுப்பார்கள், மீதிப் பேர் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

இவ்வளவு உஷாரானவர்தான் போன ஆயுத பூஜைக்குச் சறுக்கினார். கடைக்கு விடுமுறை. கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் வீட்டில் பூஜை வேலையும் இல்லை. ஒரு கம்பெனி அனுப்பியிருந்த புது மோட்டாரை அன்று முழுக்க ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஏறியது. தாராளமாக வாங்கலாம் என்று அன்றே வீடியோ போட்டுவிட்டார்.

அன்று ஊரில் ஒரு ரைஸ் மில்லும் ஓடவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. மெஷின்களெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டுக்கொண்டு சும்மா இருந்தன. அதனால் வோல்டேஜ் முழுசாக வந்தது. மில் ஓடும் நாட்களில் எங்கள் தெருவில் ஃபேன்கூடச் சோம்பல் முறித்துக்கொண்டுதான் சுற்றும்.

பின் தெரு புஷ்பலதா வீட்டிலேயே பட்டு நூலுக்குச் சாயம் போடுபவர். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு அதே மோட்டாரை வாங்கினார். மில்கள் ஓடத் தொடங்கியதும் மோட்டார் உம்மென்று உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. சாயத்திலிருந்து எடுத்த நூலை உடனே அலச வேண்டும். அலசத் தண்ணீர் இல்லாமல் அரக்கு நிற நூல் திட்டுத் திட்டாகிவிட்டது. மோட்டார் காயிலும் எரிந்துபோனது.

"வூட்டுக்காரரு வாணாம்னுதான் சொன்னாரு. நீ சொன்னா கரெக்டா இருக்கும்னு நான்தான் வாங்கினேன், ஜாக்குலினு. சாயம் மொத்தம் நின்னுகெடக்குது" என்றார் புஷ்பலதா. ஜாக்குலின் அன்று மாலையே, மில்கள் ஓடும் நேரத்தில், தன்னிடமிருந்த அதே மாடல் மோட்டாரைப் போட்டார். பக்கத்தில் வோல்டேஜ் மீட்டரை வைத்து, அது உறுமுவதைப் படம் பிடித்தார். "நான் சொன்னது தப்புங்க. மில்லு ஓடாத நாள்ல பாத்துட்டேன். நம்ம ஊருக்கு இது வாணாம்" என்று புது வீடியோ போட்டார்.

கம்பெனியோ, குறைந்த வோல்டேஜுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று புஷ்பலதாவிடம் கையை விரித்துவிட்டது. அப்படியானால் ஆரணிக்காரன் எந்த ஊர் கரண்டில் மோட்டார் ஓட்டுவான்? விற்கும்போது மட்டும் இந்த ஊர் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறதே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

புது வீடியோ நான்கு பேர் கண்ணில் பட்டதும் கம்பெனி ஆள் வீரபாகு காரில் வந்து இறங்கினார், கையில் ஒரு புது மோட்டார் பெட்டியோடு. புஷ்பலதாவையும் கையோடு கூட்டி வந்திருந்தார். சத்தம் கேட்டு நானும் போய் நின்றேன்.

"இது லோ வோல்டேஜ்லயும் ஓடும் மேடம். இந்தம்மா வூட்ல இன்னிக்கே மாட்டிக் குடுத்துடறோம். நீங்க அந்த வீடியோவ மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

 நஷ்டப்பட்டவரையே கூட்டிவந்து எதிரே நிறுத்திப் பேரம் பேச எப்படித்தான் மனசு வருகிறதோ.

ஜாக்குலின் புஷ்பலதாவைப் பார்த்தார். "வீடியோ பத்தி நான் இன்னா கண்டேன். எனக்குத் தண்ணி வேணும்மா. நூலு காத்துகினு கெடக்குது" என்றார் புஷ்பலதா, தரையைப் பார்த்தபடி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜாக்குலின் உள்ளே போய் ஸ்பானரோடு வந்தார். சம்ப்பு ஓரம் உட்கார்ந்து, தன் வீட்டு மோட்டாரின் ஒயரைப் பிரித்தார், பைப்பைக் கழற்றினார், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்தார்.

"இன்னா மேடம் இது. அப்ப உங்க வூட்டுக்குத் தண்ணி?" என்றார் வீரபாகு.

"கயிறு இருக்குது, பக்கெட் இருக்குது. இது மில்லு ஓடும்போதும் ஏத்தும், நாலு வருஷமா பாத்துகினுதான் இருக்கேன். வண்டில ஏறுக்கா, ஜல்தியா மாட்டிட்டு வரணும்" என்றார் ஜாக்குலின், புஷ்பலதாவிடம்.

பிறகு ஸ்கூட்டியை அருகே தள்ளி வந்து நிறுத்தி, மோட்டாரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "சார், அந்தப் பொட்டிய உங்க கார்லயே வெச்சுட்டு வந்து இப்டி ஒரு கை புடிங்க."