ஹிரானோ அனுப்பிய பேருந்து

மலையூரான கிறிஸ்டியானாவிலிருந்து தலைநகர் கிங்ஸ்டன் போகும் வண்டிகளில் வென்ரிஸ் ஃபேசி பத்தொன்பது வருடம் நடத்துநராக நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே நடத்துநருக்கென்று இருக்கை கிடையாது. காலியிடம் இருந்தால் அதில் ஒரு பயணியை உட்கார வைப்பார்கள். ஒரு கால் படியில், ஒரு கால் உள்ளே, முதுகு கதவில். மெல்ரோஸ் மேட்டில் வண்டி நின்றால் சுட்ட யாம் கிழங்கும் உப்பு மீனும் நின்றபடியே தின்பாள்.

அந்தப் பத்தொன்பது வருடத்தில் ஐந்து முதலாளிகளைப் பார்த்துவிட்டாள். ஒருவர் செத்துப்போனார், ஒருவர் வெளிநாடு போனார், இருவர் வண்டியை விற்றார்கள். வண்டி கைமாறும்போதெல்லாம் முதலில் கீழே இறக்கப்பட்டவள் அவள்தான். ஐந்தாவது முதலாளி டுல்லக் நல்ல மனிதர். ஆனால் ஊர் சிரித்த மனிதர். இணையத்தில் ஒரு பேருந்தின் படம் பார்த்து, முழுப் பணத்தையும் முன்னதாகவே கடல் தாண்டி அனுப்பிவிட்டு, துறைமுகத்தில் மூன்று நாள் காத்திருந்தவர். கப்பலில் அவர் பேருக்கு ஒரு ஆணிகூட வரவில்லை. அதற்குப் பிறகு வண்டி நிலையத்தில் நடக்காத காரியத்துக்கெல்லாம் ‘டுல்லக் பஸ்’ என்று பேராகிவிட்டது. யாராவது கடனைத் திருப்பித் தருவதாகச் சொன்னால், டுல்லக் பஸ்ஸில் வருமா என்று கேட்பார்கள்.

நாற்பத்தேழாவது வயதில் வென்ரிஸ், ஜப்பானிலிருந்து பழைய பேருந்து ஒன்று வாங்கப் போவதாக அவரிடம் சொன்னாள். சீட்டுப் பணமும் இஞ்சி விற்ற பணமும் சேர்ந்திருந்தது. 

“படத்த நம்பாத வென்ரிஸ்,” என்றார் டுல்லக். “படத்துல நானும்தான் அழகா இருக்கேன்.”

அவள் நம்பவில்லை. நகோயா துறைமுகத்துப் பக்கம் சின்னதாக ஒரு வண்டிக் கிடங்கு வைத்திருந்த ஹிரானோ என்பவரைப் பிடித்தாள். பிடித்த நாளிலிருந்து அவரை உலுக்கி எடுத்தாள். வண்டியின் அடிப்பாகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது முதல் தடவை கிளப்புவதைக் காணொளியாகக் கேட்டாள். ஒரு காகிதத்தில் அவள் பேரையும் அன்றைய தேதியையும் எழுதி, வண்டியின் எண் தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். ஹிரானோ நின்றார். ஒல்லியான, கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையே மூன்று வாரத்தில் மூன்று விதமாகக் கேட்டாள். மூன்று தடவையும் ஒரே எண் வந்தது.

தம்பி லின்வால் இதைப் பார்த்துச் சிரித்தான். “நீ பஸ் வாங்குறியா, கொலைக் கேஸ் விசாரிக்கிறியா அக்கா?”

தினமும் மாலை ஏழு மணிக்கு, அங்கே காலையில் அவர் கிடங்கைத் திறக்கும் நேரத்தில், பதில் வந்து விழும். இடது பக்கம் மூன்றாவது இருக்கை கிழிந்திருக்கிறது என்று அவரே எழுதினார். பின்சக்கர ஸ்பிரிங் வில் ஒன்று தளர்ந்திருக்கிறது, மாற்று வில் ஒன்றை வண்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். பதினோரு வருடம் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஓடிய வண்டியாம். கிழவர்களை வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கக் கூட்டிப் போகுமாம். ஒருமுறை இவள், இத்தனை கேள்வி கேட்பதற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதினாள். ‘உங்கள் சந்தேகம் நியாயமானது. இன்னும் கேளுங்கள்’ என்று பதில் வந்தது. அந்த வரியை அவள் டுல்லக்குக்குப் படித்துக் காட்டினாள். பாதிப் பணம் முதலில், மீதி கப்பலில் ஏற்றியதற்கான தாள் கைக்கு வந்த பிறகு. அப்படித்தான் கொடுத்தாள்.

லின்வால் அவளுக்கு ஆறு வயது இளையவன். அம்மா போன பிறகு, படியில் நின்று சம்பாதித்த காசில்தான் அவனை மேற்படிப்பு படிக்க வைத்தாள். கிங்ஸ்டனுக்குத் தினமும் போய் வந்து, சுங்கக் காகிதம் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் கழுத்துப்பட்டை கட்டிய வேலை. ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசை. கப்பல் கிளம்பிய பிறகுதான் அவன் ஒரு சிக்கலைச் சொன்னான். கைக்காசாகக் கூலி வாங்கியே வாழ்ந்தவள் அவள், வருமான வரி பக்கமே போனதில்லை. அதைச் சரிசெய்யாமல் அவள் பேருக்கு அனுமதி கிடைக்காது, சரிசெய்ய ஆறேழு மாதம் ஆகும், அதுவரை வண்டி துறைமுகத்தில் கிடந்தால் நாள்வாடகை ஏறும்.

“என் பேர்ல எல்லாம் ரெடியா இருக்கு,” என்றான். “இப்போதைக்கு என் பேர்ல எறக்குவோம். அப்புறமா மாத்திக்கலாம். நான் என்ன நகோயாலயா இருக்கேன்? பக்கத்து வீட்லதானே இருக்கேன்.”

அவன் நீட்டிய ஐந்து தாள்களிலும் வென்ரிஸ் கையெழுத்துப் போட்டாள். அடுப்பில் சோளக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றையும் படிக்கவில்லை.

வண்டி வந்தது. கிங்ஸ்டன் துறைமுகத்தில் அவள் குனிந்து, படுத்து, தட்டிப் பார்த்தாள். மூன்றாவது இருக்கையில் கிழிசல் இருந்தது. மாற்று வில் எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு பையில் புதுக் கைத்துண்டு. இதில் மக்கள் பத்திரமாகப் போய் வரட்டும் என்று ஒரு வரிக் கடிதம். கதவைத் திறந்தால் பதிவு செய்த ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். அதை எடுத்துவிடலாம் என்றான் லின்வால். வென்ரிஸ் விடவில்லை. இவ என்ன சொல்றா என்று பயணிகள் கேட்டால், “காச எடுத்துக் கையில வச்சுக்கிட்டு ஏறுங்கிறா,” என்பாள்.

லின்வால் அலுவலக வேலையை விட்டுவிட்டு ஓட்டுநரானான். தம்பி ஓட்ட, அக்கா படியில் நின்று பாடிக்கொண்டு வந்தாள். ஏழு மாதம் அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம். அதற்குள் வண்டியின் நெற்றியில் அவளைக் கேட்காமலே ‘ஆண்டவர் கொடுத்தது’ என்று எழுதி வந்தான். பேர் மாற்றுவதைக் கேட்டால், அலுவலகத்தில் ஆளில்லை என்பான். இப்போது மாற்றினால் வழித்தட உரிமம் போய்விடும் என்பான். அவன் வீட்டில் மாடி எழும்பிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள், எதையும் நினைத்துக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை, சந்தை நாள், விடிந்ததும் அவள் நிலையத்துக்கு வந்தபோது படியில் லின்வாலின் மனைவி மார்வலின் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் காசுப்பை. லின்வால் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“அக்கா, நீ இனிமே வீட்ல இரு,” என்றான் கண்ணாடியைப் பார்த்தபடியே. “முட்டி வலிக்குதுன்னு நீயேதான சொன்ன. வாரா வாரம் ஏதாவது குடுத்தனுப்புறேன்.”

“என் வண்டிலேருந்து எனக்கே ஏதாவது குடுத்தனுப்புவியா?”

“வண்டி என் பேர்ல இருக்குக்கா. அது மேல லோனும் வாங்கியாச்சு. சும்மா எல்லாரு முன்னாலயும் பேசாத.”

அவள் படியில் காலை வைத்தாள். மார்வலின் தள்ளவில்லை, கையைக் குறுக்கே நீட்டிக் கம்பியைப் பிடித்தாள், அவ்வளவுதான். “பயணின்னா ஏறுங்க அண்ணி,” என்றாள்.

உள்ளே இஞ்சி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு சந்தைக்காரி சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “ஏம்பா லின்வாலு, ஆண்டவர் கொடுத்தாரா, அக்கா கொடுத்தாளா? நெத்தியில சரியா எழுதுப்பா.” நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. கிங்ஸ்டனுக்கு நேரத்தோடு போக வேண்டியவர்கள். வண்டி கிளம்பியது.

மாண்டெவில்லில் ஒரு வழக்கறிஞரிடம் போனாள். ஹிரானோவோடு எழுதிக்கொண்ட அத்தனையையும் அச்செடுத்து ஒரு கட்டாகக் கொண்டுபோனாள். அவர் பொறுமையாகப் புரட்டினார். முன்பின் தெரியாதவரிடம் இத்தனை அத்தாட்சி வாங்கியிருக்கிறீர்கள், தம்பியிடம் ஒரு வரி எழுதி வாங்கவில்லையா என்று கேட்டார். அவரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் முன்னால் வெட்கமாக இருந்தது.

நீதிமன்றத்தில் இரண்டாவது விசாரணையில் லின்வாலின் தரப்பு ஒரு தாளைக் காட்டியது. வண்டிக்கு அனுப்பிய பணம் முழுவதும் சகோதரனுக்குத் தான் மனமுவந்து அளித்த பரிசு என்றிருந்தது. கீழே அவள் கையெழுத்து. ஐந்து தாள்களில் நான்காவது. அப்படியென்றால் கப்பல் நடுக்கடலில் இருந்தபோதே அவன் முடிவு செய்துவிட்டான். ஏழு மாதமும் அவள் படியில் நின்று பாடிக்கொண்டு வந்ததை முன்னாலிருந்து கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறான். வண்டி போனதைவிட இதுதான் அவளைத் தின்றது. வழக்கை அத்தோடு விட்டாள். போதகர் வந்து மன்னிப்பதைப் பற்றிப் பேசினார். அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு அந்தச் சபைக்குப் போகவில்லை.

டுல்லக் மறுபடி வேலை கொடுத்தார். அதே வழி, அதே படி. சில காலையில் டுல்லக் வண்டியும் லின்வால் ஓட்டும் வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தன் வண்டியில் ஏறப் போகிறவர்களை அவளே கூவி இந்தப் பக்கம் இழுப்பாள்.

ஒரு வருடம் கழித்து ஹிரானோ எழுதினார். பேருந்து நலமா? உங்கள் படம், பேருந்தோடு சேர்ந்து நிற்பதாக ஒன்று அனுப்ப முடியுமா? புதிதாக வாங்க வருபவர்களுக்குக் காட்ட வேண்டும், நம்பிக்கையாக இருக்கும். வென்ரிஸ் நடந்ததையெல்லாம் நீளமாக எழுதினாள். பிறகு அழித்தாள். ‘பேருந்து நன்றாக ஓடுகிறது. நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. உங்களிடம் யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் வாங்கலாம். படம் இல்லை’ என்று மட்டும் அனுப்பினாள்.

மூன்றாம் வருடம் அந்த வண்டியின் பிரேக்கில் ஒரு பாகம் தேய்ந்துபோனது. உள்ளூரில் கிடைக்கவில்லை. லின்வால் ஹிரானோவுக்கு எழுதிப் பார்த்தான். வண்டி வாங்கியவரோடு மட்டுமே கடிதப் போக்குவரத்து என்று மரியாதையாகப் பதில் வந்ததாம். ஒரு மத்தியானம் லின்வால் டுல்லக்கின் வண்டியருகே வந்து நின்றான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பேசினான்.

“நீ ஒரு வார்த்தை எழுதினா அனுப்பிடுவான்க்கா. பிரேக்கு. ஜனங்க போற வண்டி.”

 அன்று மாலை ஏழு மணிக்கு அவள் ஹிரானோவுக்கு எழுதினாள். மூன்று வாரத்தில் பெட்டி வந்தது. நிலையத்தில் அதை அவன் கையில் வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, அவள் ஏதாவது சொல்வாள் என்பதுபோல நின்றான். டுல்லக் வண்டியில் கடைசி இருக்கையும் நிரம்பிவிட்டது. வென்ரிஸ் படியில் ஏறி, தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள். வண்டி நகர்ந்தது.