இரண்டு வீட்டுப் படத்தில் ஒரே அண்ணை

எங்கள் குடும்பத்தில் மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுப்பதில்லை. எடுத்தால் ஒருவர் குறைந்துபோவார் என்பது அம்மாவின் சட்டம். நாட்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கை தூக்கி மாற்றலாம். அம்மாவின் சட்டத்துக்குத் திருத்தம் கிடையாது. அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது. அம்மாவின் தகப்பனார் இரண்டு கூட்டாளிகளோடு வள்ளத்துக்கு முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று எங்கள் சாமியறையில் தொங்கியது. படம் எடுத்த மூன்றாம் மாதம் மூன்று பேரும் கடலுக்குப் போனார்கள். இரண்டு பேர் கரைக்கு வந்தார்கள். "காத்தடிச்சதுக்குப் படம் என்னக்கா செய்யும்?" என்று மாமா ஒருமுறை கேட்டுவிட்டார். அன்று முழுதும் அவருக்குக் குழம்பில்லாத சோறுதான் கிடைத்தது.

வீட்டில் நாங்கள் சரியாக மூன்று பேர் இருந்தோம்: அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான். அப்பா கட்டாரில் வேலை செய்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அவருடைய ஒரே மகன் அண்ணை. அண்ணைக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்கு எட்டு. அண்ணையும் மாமாவும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். பெரியம்மா கரையில் மீன் எடுத்துச் சந்தையில் விற்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பெரியம்மாவின் ஒரு வாயில் எங்கள் இரண்டு வீடும் பிழைத்தன.

சண்டை முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். வடமராட்சிக் கரையில் எங்கள் ஊர் முடிகிற இடத்தில் ஓர் இராணுவ முகாம் இருந்தது. ஒரு நாள் அங்கிருந்து வீடு வீடாகப் படிவம் கொண்டுவந்தார்கள். பெயர், வயது, தொழில், தொலைபேசி, சண்டைக் காலத்தில் எங்கே இருந்தீர்கள் என்று ஒரு பெரிய தாள். அதோடு வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றாக நிற்கும் படம் இரண்டு. ஒன்று முகாமுக்கு, மற்றது முன்கதவின் பின்பக்கத்தில் ஒட்டிவைக்க. எப்போது வேண்டுமானாலும் வந்து படத்தையும் தலைகளையும் சரிபார்ப்பார்களாம்.

எங்கள் விவரமெல்லாம் கிராம அலுவலரான விதானையாரிடம் ஏற்கெனவே இருந்தது. வாக்காளர் இடாப்பில் இருந்தது. கடலுக்குப் போகிற அனுமதிப் பாசிலும் இருந்தது. "என்ரை பேரை நான் மறந்தாலும் அரசாங்கம் மறக்காது, பிறகேன் உது?" என்று மாமா படிவம் கொண்டுவந்தவரிடம் கேட்டார். பாதுகாப்புக்கு என்றார் அவர். ஆருடைய பாதுகாப்புக்கு என்று கேட்க மாமா வாயெடுத்தார். அம்மா அவருடைய காலை மிதித்தார்.

அம்மாவின் கவலை வேறு. நாங்கள் மூன்று பேர். சேர்ந்து நிற்க வேண்டும். தனித்தனியாகப் படம் தரலாமா என்று கேட்டுப் பார்த்தார், முடியாது என்றார்கள். அப்பாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்றார். உயிரோடு இருக்கிறவரை ஏன் படமாகப் பிடிக்கிறாய் என்று பெரியம்மா ஏசினார்.

நெல்லியடியிலிருந்து படம் பிடிக்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் குடும்பங்களை நிறுத்திச் சுட்டுக்கொண்டு போனார். எங்கள் முறை வந்தது. சுவரோரம் மூன்று பேரும் நின்றோம். அம்மா சாமியறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, வலைகளை எடுத்துவைத்துவிட்டு மாமாவுக்குப் பிந்திக் கடலால் வந்த அண்ணை கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணையையும் கூப்பிடுவமே?" என்று கேட்டது நான்தான். அம்மாவின் முகத்தில் விளக்கு எரிந்தது.

அண்ணையின் உடுப்பெல்லாம் மீன்செதில். அம்மா மாமாவின் நல்ல கட்டம்போட்ட சேட்டைக் கொண்டுவந்து மாட்டி, எண்ணெய் வைத்துத் தலையைப் படிய இழுத்துவிட்டார். "என்ன சித்தி, பொம்பிளை பாக்கவோ?" என்று அண்ணை சிரித்தார். சிரித்தபடியே படத்தில் விழுந்தார். நாலு பேர்; கண்டம் கழிந்தது. அரை மணித்தியாலம் கழித்து அதே மனிதர் வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவையும் அண்ணையையும் பிடித்தார். இந்தமுறை அண்ணை தன்னுடைய சிவப்புச் சேட்டைப் போட்டிருந்தார். எண்ணெய் கண்ணில் வழிகிறதென்று தலையையும் கலைத்துவிட்டிருந்தார்.

படிவத்தில் அம்மா மூன்று என்றுதான் எழுதினார். பொய் எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

சில கிழமை கழிந்தது. ஒரு பள்ளி விடுமுறை நாள் காலையில் சரிபார்க்க வந்தார்கள். ஓர் அதிகாரி, நாலைந்து பேர், தமிழ் தெரிந்த ஒருவர். தமிழ் தெரிந்தவர் பாடப்புத்தகம்போலக் கதைத்தார். "இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கின்றீர்கள்?" என்றார். மூண்டு என்றார் அம்மா. அவர் கதவின் பின்னால் இருந்த படத்தை விரலால் எண்ணினார். நாலு. திரும்பவும் எண்ணினார். அப்போதும் நாலுதான்.

அம்மா தன் சட்டத்தை விளக்கினார். தன் தகப்பனார், கூட்டாளிகள், புயல் என்று எல்லாம் சொன்னார். மூன்று பேர் நின்றால் ஒருவர் இல்லாமல் போவார் என்பது மொழிபெயர்ப்பில் எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, அதிகாரியின் முகம் இறுகியது. நான் உதவிக்குப் போனேன். "அது அண்ணை! உங்கைதான் நித்திரை!" என்று ஓடிப்போய், வேலியில் நாங்கள் புகுந்து போகிற பொட்டையும் காட்டிக்கொடுத்தேன்.

அங்கே பெரியம்மா வீட்டுக் கதவின் பின்னாலும் அதே முகம். ஒரே ஆள், இரண்டு வீடு, இரண்டு சேட்டு, இரண்டு விதமான தலை. இரவு முழுதும் கடலில் நின்றுவிட்டு வந்து பாயில் கிடந்த அண்ணையை எழுப்பினார்கள். "பயப்பட வேண்டாம். பத்து நிமிட விசாரணை" என்றார் பாடப்புத்தகக்காரர். அண்ணை முகம் கழுவக்கூட இல்லை. வாகனத்தில் ஏற்றினார்கள்.

நான் கரைக்கு ஓடினேன். மாமா வள்ளத்து இயந்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பெரியம்மா ஏலம் எடுத்த சூடை மீனைக் கடகத்தில் கொட்டிக்கொண்டிருந்தார். நான் அழுது சொன்னதைக் கேட்டதும் அவர் ஒப்பாரி வைப்பார் என்று நினைத்தேன். அவர் கடல் தண்ணீரில் கையைக் கழுவினார், கடகத்தைத் தலையில் தூக்கினார், "வாங்கோடி" என்றார். கரையில் நின்ற ஏழெட்டு மீன்காரப் பெண்களும் தங்கள் கடகங்களோடு பின்னால் நடந்தார்கள். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

முகாம் வாசலில் நின்றவர் "பின்னேரம் விடுவம், போங்க" என்றார்.

"நல்லது மாத்தையா," என்றார் பெரியம்மா, "அப்ப துண்டு தாங்கோ."

"என்ன துண்டு?"

"ஆளை எடுத்ததுக்குத் துண்டு. ஆர் எடுத்தது, எத்தினை மணிக்கு, என்னத்துக்கு. ஒரு பெட்டி சூடை எடுத்தாலே எங்கடை கரையிலை எடுத்தவன்ரை பேரெழுதித் துண்டு குடுக்காமல் அங்காலை அரக்க விடமாட்டம். நீங்கள் முழு ஆளை எடுத்திருக்கிறியள்."

இந்தத் துண்டுக் கதை பெரியம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு அறிந்தேன். சில மாதங்களுக்கு முன்னர் மீனவர் சங்க மண்டபத்துக்கு ஓர் இளம் பெண் சட்டத்தரணி வந்து கதைத்திருக்கிறார். ஒருவரைப் பிடித்தால் ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டும், நீதவானுக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும், இது நாட்டின் அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்றிருக்கிறார். வந்த பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு கேட்டார்களாம். பெரியம்மா மட்டும் எழும்பி, "எழுதித் தருவினமோ பிள்ளை?" என்று கேட்டாராம். "நீங்கள் கேக்கோணும் அம்மா" என்றாராம் அந்தப் பெண்.

மாமாவுக்குப் பயம். "அக்கா, அவங்களைக் கோவப்படுத்தாதையுங்கோ. காலிலை விழுந்து கேப்பம். அழுதால் மனமிரங்குவாங்கள்."

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமோடா?" என்றார் பெரியம்மா. அதோடு வாசலுக்கு எதிரே பூவரசுக்குக் கீழே கடகத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் இறக்கினார்கள்.

வெயில் ஏறியது. பூவரசின் நிழல் ஒரு பக்கம் போக, கடகங்கள் மறுபக்கம் கிடந்தன. எட்டுக் கடகம் சூடை மீன், காற்று கடலிலிருந்து முகாமை நோக்கி. பதினொரு மணிக்கு இலையான் மொய்த்தது. பன்னிரண்டுக்கு நாய்கள் வந்தன. உள்ளே அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் அந்த அதிகாரியே மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். பாடப்புத்தகக்காரரும் வந்தார்.

"அம்மா, உங்கள் மகன் மீன் அல்லன்," என்றார்.

"ஓம் மாத்தையா. அதுதான் துண்டு கேக்கிறன்."

"இது மேலிடத்து உத்தரவு."

"அப்ப அந்த மேலிடத்தின்ரை பேரையும் எழுதிவிடுங்கோ."

பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள். அதிகாரி எதையோ சிங்களத்தில் கேட்டார், மற்றவர் எதையோ சொன்னார். கடைசியில் ஓர் அப்பியாசக் கொப்பியிலிருந்து தாள் கிழிக்கப்பட்டது. அதிகாரி நாலு வரி எழுதிக் கொடுத்தார். பெரியம்மா வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் இலக்கம் தெரியும். "மணி எழுதேல்லை," என்று திருப்பி நீட்டினார். மணியும் எழுதப்பட்டது. சட்டம் வென்றதா, சூடை வென்றதா என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை இரண்டு கட்சி. மாமா சூடைக் கட்சி.

சந்தியில் வெதுப்பகம் வைத்திருந்தவர் முன்னர் சிங்கள ஊரான காலியில் வேலை செய்தவர். அவர் வாசித்துச் சொன்னார்: அண்ணையின் பெயர், திகதி, காலை ஒன்பதரை மணி, விசாரணைக்கு ஓர் ஆள், அடியில் கையெழுத்து. பெரியம்மா அதை மூன்று தரம் வாசிக்கவைத்தார். பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப்போய், அந்தச் சட்டத்தரணியிடமும் மனித உரிமை அலுவலகத்திலும் காட்டி, ஏழு போட்டோப்பிரதி எடுத்துக்கொண்டு பொழுதுபட வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்கு எங்கள் முற்றத்தில் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. அண்ணை இன்னும் வரவில்லை. அவருடைய பாய் அப்படியே கிடந்தது. ஆனால் அம்மா தேத்தண்ணி ஊற்றினார், பெண்கள் அதிகாரி மூக்கைப் பொத்தியதை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள், பெரியம்மாவும் சிரித்தார். ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு! எனக்கு ஆத்திரம் வந்தது. "அண்ணை வரேல்லைத்தானே, பிறகேன் சிரிக்கிறியள்?" என்று கத்தினேன். பெரியம்மா என்னை இழுத்து மடியில் இருத்திக்கொண்டார். அவருடைய கையில் மீன் வாடை போகவில்லை.

மறுநாள் மத்தியானம் அண்ணையை விட்டார்கள். அதிகாரி வாசல்வரை வந்து, துண்டைத் திருப்பித் தரும்படி கேட்டார். பொருள் திரும்பி வந்தால் துண்டைத் திருப்பிக் கொடுப்பதுதான் கரை வழக்கம்; பெரியம்மா மறுக்கவில்லை. ஆனால் முதலில் அண்ணையைப் பிடித்து வெயிலில் நிறுத்தினார். முகத்தைத் திருப்பிப் பார்த்தார், சேட்டைத் தூக்கி முதுகைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்தினார். செவிளைத் தூக்கிப் பார்க்காததுதான் குறை. "என்னம்மா, எல்லாரும் பாக்கினம்," என்று அண்ணை நெளிந்தார். எல்லாம் சரியென்று கண்டபிறகுதான் இடுப்பிலிருந்த கொட்டைப்பெட்டியைத் திறந்து, அந்த ஓலைப்பைக்குள்ளிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். ஏழு பிரதியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை.

பிறகு கொழும்பில் சட்டத்தரணிகள் வழக்குப் பேசினார்கள் என்றும், பதிவு நின்றுவிட்டது என்றும் பேச்சு வந்தது. எங்கள் ஊருக்கும் சரிபார்க்க ஒருவரும் வரவில்லை. அம்மா கதவின் பின்னால் இருந்த படத்தை வெந்நீர் தொட்டுக் கிழியாமல் உரித்து எடுத்தார். அண்ணை நல்லாக விழுந்திருக்கிறார் என்பதால் அதை எறியவில்லை.

அண்ணை வந்த அன்று பின்னேரம் பெரியம்மா பிரதிகளை மடித்துக் கொட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரியப்பாவையும் ஒரு வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போனது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்போது நான் ஏணையில் கிடந்த குழந்தை. அவர் திரும்பி வரவில்லை. பெரியம்மா குங்குமத்தை விடவும் இல்லை.

"பெரியம்மா, பெரியப்பாவின்ரை துண்டு எங்கை?" என்றேன். "உதுக்குள்ளையோ?"

அடுப்படியில் அம்மாவின் கை நின்றது. பெரியம்மா கொட்டைப்பெட்டியின் வாயை மூடினார். மூடியதைத் திரும்பவும் ஒருமுறை அழுத்தினார்.

"அப்ப அழுதுகொண்டு நிண்டிட்டன் பிள்ளை," என்றார். "கேக்க மறந்துபோனன்."

"நாளைக்குப் போய்க் கேளுங்கோவன். இப்ப உங்களுக்குக் கேக்கத் தெரியும்தானே."

"ஓம்," என்றார் பெரியம்மா. "கேப்பம்."

அடுத்த நாள் காலையில் அவர் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலச் சந்தைக்குத்தான் போனார். திரும்பவும் மறந்துவிட்டார் என்று எனக்குப் பெரியம்மாமீது கொஞ்ச நாள் கோபமாக இருந்தது.