நூருன்னிசா டிக்கியில் படுத்துப் போனது

பழவேற்காட்டில் இறால் வாங்கி மெட்ராசுக்கு ஏற்றிவிடும் ஷாகுல் ஹமீதுக்கு நாற்பது வயதில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. அந்த வயதில் ஊரில் மற்றவர்களுக்கு வாயுத்தொல்லைதான் வந்தது. எழுபத்தெட்டாம் வருஷம், யாரோ ஒரு டாக்டர் மகன் ஓட்டித் தேய்த்த சிவப்பு வண்டியை வாங்கிவந்தார். இரண்டே சீட்டு. தினமும் ஏரித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு, சக்கரத்தின் அடிவரைக்கும் கழுவுவார். ஒரு வருஷம் சமர்த்தாக ஓடிய வண்டி, பிறகு பின்பக்கமிருந்து ஒரு சத்தம் போட ஆரம்பித்தது.

பின்பக்கச் சத்தம் என்றதும் ஊருக்குக் கொண்டாட்டம். "பாய், வண்டிக்கு ராத்திரி மொச்சக்கொட்டை போட்டியா?" என்று மீன் ஏலத்தில் கேட்டார்கள். அவரும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்தபின் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சேதி வந்தது. மெட்ராஸ் மண்ணடியில் இருந்த, அவர் மனைவி நூருன்னிசாவின் அக்கா ரோஷன் பீவி, புருஷனோடு பினாங்குக்குக் கப்பலேறப் போகிறாள். அங்கேயே குடியிருக்கப் போகிறார்கள்.

"ராத்தாவ ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாங்க. பஸ்ஸுலயே போலாம்."

"வாசல்ல காரு நிக்குது, பஸ்ஸுல போய் எறங்குனா உங்க மச்சான் இன்னா நெனைப்பாரு? சத்தம் நிக்கட்டும் நூரு. முன்சீட்டுல ராணி மாதிரி இட்டுக்கினு போறேன்."

பொன்னேரியிலிருந்து மெக்கானிக் லோகநாதன் வந்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "முன்னாடி குந்திக்கினு கேட்டா பிடிபடல பாய். யாராச்சும் டிக்கில படுத்துக் கேட்டாத்தான் எந்தச் சக்கரம்னு தெரியும்."

ஷாகுல் ஹமீதின் தொப்பைக்கு டிக்கி பத்தாது. லோகநாதனோ பனைமர உயரம்.

"நான் படுக்கறேன்" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து நூருன்னிசா.

மூச்சுக்காக மூடியைக் கயிற்றால் அரைகுறையாகக் கட்டிவிட்டு, பொன்னேரி ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்கள். அவள் இறங்கித் துப்பட்டியை உதறிக்கொண்டாள்.

"இடது சக்கரங்க. வலப்பக்கம் திரும்பறப்ப கூடுது. தேங்கா துருவறப்ப ஓட்டுல பல்லு படுமே, அந்த மாதிரி." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "காத்து நல்லா வந்துச்சி."

லோகநாதன் சக்கரத்தைக் கழற்றினான். பேரிங் துருப்பிடித்துக் கிடந்தது. "ஏரியோட உப்புத் தண்ணி பூந்திருக்குது. இன்னா பாய், படகுன்னு நெனச்சிக் கழுவினியா?"

"குடிக்கிற தண்ணிய வண்டிக்கு ஊத்துனா பொம்பளைங்க கொடத்தாலயே அடிப்பாளுங்கடா."

பேரிங் மெட்ராசிலிருந்து வரவேண்டும். நூருன்னிசா அக்காவுக்கென்று இறால் ஊறுகாய் போட்டு, ஜாடி வாயைத் துணியால் கட்டி வைத்தாள். வந்த பேரிங் அளவு சேரவில்லை, திருப்பி அனுப்பினார். பஸ்ஸைப் பற்றி அவள் இன்னொரு தடவை கேட்டாள். "இத்தினி நாள் பொறுத்த, இன்னும் ரெண்டு நாளு" என்றார். பஸ் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது. இறால் லாரிக்காரன்தான் வந்து சொன்னான், கப்பல் வெள்ளிக்கிழமையே போய்விட்டதென்று.

சரியான பேரிங் அதற்குப் பிறகு வந்தது. ஷாகுல் ஹமீது ஒரு சத்தமும் இல்லாமல் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சுற்றிவந்து முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏறு நூரு."

அவள் வாசற்படியில் நின்று அந்தச் சீட்டைப் பார்த்தாள். "எங்க போறதுக்கு?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோலக் கேட்டாள். அவர் கதவைச் சாத்தினார். அது சரியாக விழவில்லை; இரண்டாம் தடவை அழுத்திச் சாத்தவேண்டியிருந்தது.