புது பிரேக்கும் என் மச்சானும்

கிழட்டு லொறிக்குக் கண்டியில் புது பிரேக் சாமான் வாங்கிப் பூட்டி, திருஷ்டி கழிய முன் சில்லுக்கடியில் தேசிக்காய் நசுக்கியதும், இனி எமனே வழிவிடுவான் என்றிருந்தேன். ஓட்டிப் பார்க்கவில்லை.

புசல்லாவை இறக்கத்தில் பெடலை மிதித்தேன். அது தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்து குதித்துவிட்டேன். ஓட்டியவனே நான்தான்!

பக்கத்தில் இருந்த மச்சான், என் மனைவியின் அண்ணன்தான், ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து, தேயிலை மேட்டில் மோதி நிறுத்தினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் குதிச்சிருப்பேனே மச்சான்," என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சாமானைக் கண்டிக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் மாற்றித் தந்ததும் அதே வகைச் சாமான்தான். "பழைய லொறிக்கு இதுதாங்க வருது."

இன்றும் சேர்ந்துதான் போகிறோம். இறக்கம் வந்தால் மச்சான் ரோட்டைப் பார்ப்பதில்லை. கதவுப் பக்கம் இருக்கும் என் கையைத்தான் பார்க்கிறார்.