துப்பறிவாளருக்கு வந்த தொண்டைக்கட்டு

டப்பிங் கலைஞருக்கு மச்சானைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. மனைவியின் தம்பிதானே என்று கையைப் பிடித்து ஸ்டூடியோவுக்குள் கூட்டி வந்தவரே இவர்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது.

விக்டோரியா காலத்துத் துப்பறியும் நாவல் ஒன்று தொலைக்காட்சித் தொடராகி, தமிழ் பேச வந்திருந்தது. பனிமூட்டம், குதிரை வண்டி, மாளிகைக்குள் ஒரு பிணம். துப்பறிவாளரின் குரல் மச்சானுக்குப் போனது. அனுபவசாலியான இவருக்கோ, தடயத்தையெல்லாம் மிதித்துக்கொண்டு நடக்கும் மக்கு இன்ஸ்பெக்டர். "அடடா, இது எனக்குத் தோணவே இல்லையே!" என்று வாரா வாரம் மச்சானின் மூளையை வியக்க வேண்டும். தலையெழுத்து! வீட்டிலும் அவன் புராணம்தான். மனைவி ஒரு தடவையாவது தன் குரலைப் பாராட்டிவிட மாட்டாளா என்று மனிதர் ஏங்கிப்போனார்.

கடைசிப் பகுதியின்போது மச்சானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அல்ப சந்தோஷம்தான், ஆனால் சந்தோஷம்.

"கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற சீனை மட்டும் நீங்க பேசிடுங்க சார். குரல் மாறினது தெரியக் கூடாது," என்றார் ஒலிப்பதிவாளர்.

தெரியவில்லை. கேள்விக்கு முன் ஒரு செருமல், வாக்கிய முடிவில் மிதப்பாக ஒரு மூச்சு, எல்லாமே இவருக்கு மனப்பாடம். பொறாமைக்காரனைப் போல் உற்றுக் கேட்பவன் உலகத்தில் உண்டா?

ஒளிபரப்பான அன்று மச்சானும் வீட்டுக்கு வந்திருந்தான். கொலைகாரன் பிடிபட்டதும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன கம்பீரம் பாருங்க! என் தம்பி இவ்வளவு நல்லா பேசினதே இல்ல."

இவருக்குப் பொறுக்கவில்லை. "அது நான் பேசினது."

"இவ்வளவு பொறாமை ஆகாதுங்க."

"நெஜந்தான் அக்கா," என்றான் மச்சான். "எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுல்ல? மாமாதான் பேசினாரு. எனக்கே இப்படி வராது."

நல்லவன் வேறு, பாவி! மனம்விட்டுத் திட்டக்கூட வழியில்லை.

மனைவி டிவியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். அவள் கண்கள் விரிந்தன. இத்தனை வருடமும் காத்திருந்தது இதற்குத்தான் என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பரவாயில்லையே!" என்றாள் அவள். "மனசு வச்சா நீங்களும் அவனை மாதிரியே பேசுறீங்களே!"