நோஞ்சானை மட்டும் எடுத்து ஆடிய தவராசா

தவராசா அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, சித்தாண்டியில் என்னுடைய நெல் ஆலையில் ஒருவனோடு தவிட்டுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் குணம் விக்கி விக்கி அழுதான். குணம் எங்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடுகிறவன், மருந்துக்கடை வைத்திருக்கிறான். அவன் அழுததைக் கேட்டு எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அன்று பின்னேரமே தன்னாமுனைச் சந்தியில் பனர் கட்டிவிட்டார்கள். பண்பின் சிகரமே, பணிவின் உறைவிடமே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பணிவாம்! அந்த மனிதரிடம் பணிவு மருந்துக்கும் இருந்ததில்லை. அவரைத் தெரிந்த உங்களுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டே பனருக்குக் கீழே நின்று தலையாட்டினீர்கள். செத்தவனுக்குச் சீனி தடவுவது நம்முடைய ஊரில் பழைய வழக்கம். அதை நான் செய்யப் போவதில்லை. செய்தால் அவர் சவக்காலையில் இருந்து எழும்பி வந்து ஏசுவார்.

அவர் பாதி வயதைச் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்தவர். திரும்பி வந்து வாவிக் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, தோணி எஞ்சின் திருத்தினார். மாங்கேணியில் இருந்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரை அவர் வரவேற்றதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். “இதக் கடலுக்குக் கொண்டு போனியா, இல்லாட்டி மனிசிக்கு மா இடிக்கக் குடுத்தியா?” அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பின்னேரம் எஞ்சின் ஓடியது. ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று அடுத்த முறையும் அவரிடமே வந்தார்.

சீட்டாட்டம் கப்பலில் இருந்து வந்தது. கூட வேலை செய்த சீனர்களிடம் கையாலும் தலையாலும் பேசிப் படித்த ஆட்டம். பழைய காலத்துச் சீன மன்னர்களும் தளபதிகளும் மந்திரிமாரும் படமாக இருப்பார்கள். ஆளுக்கொரு வீரரை எடுக்க வேண்டும். ஆடுகிறவர்களில் ஒருவர் மன்னர், அவரை எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களில் யார் காவலன், யார் கலகக்காரன் என்பது கவிழ்த்து வைத்த தனிச் சீட்டில் கடைசி வரைக்கும் மறைவு. கலகக்காரருக்கு மன்னரைக் கொல்வதுதான் வேலை. எங்களில் யாருக்கும் சீன எழுத்துத் தெரியாது என்பதால் அண்ணன் ஒவ்வொரு சீட்டிலும் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். அடிப்பதற்கு வெட்டு, தப்புவதற்கு விலகல், சாகப் போகிறவரைப் பிழைக்க வைப்பதற்குப் பழம். ஒருவரின் உயிர் முடியும்போது மேசையைச் சுற்றிக் கேட்க வேண்டும், விரும்புகிறவர் பழம் கொடுக்கலாம்.

பெரும்பாலான வீரர்களுக்கு நாலு உயிர். நாங்கள் எல்லோரும் தாடி வைத்த, கோடரி தூக்கிய தடியர்களாகப் பார்த்து எடுப்போம். அண்ணன் எடுப்பது எப்போதும் ஒரே ஆளைத்தான். மூன்று உயிர் மட்டும் உள்ள, முகம் வெளுத்த ஒரு மந்திரி. நாங்கள் அவருக்கு நோஞ்சான் என்று பெயர் வைத்தோம். அந்த நோஞ்சானுக்கு ஒரு தனிச் சக்தி உண்டு. அடி விழுந்து ஒரு உயிர் போனால் சீட்டுக் கட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுத்துக்கொள்வார். அடிக்கிறவன்தான் பிறகு அதற்காக அழுவான். ஏன் எப்போதும் இந்த எலும்பனை எடுக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “நாலு உசிரு இருக்கிறவனுக்கு மூள என்னத்துக்கு?” என்றார். என்னுடைய தளபதிக்கு நாலு உயிர்.

வென்றால் கொக்கரிப்பார். தோற்றால் சீட்டுக் கலைத்தவனைப் பேசுவார். எனக்கு அவரைப் பிடிக்காது, அவருக்கும் என்னைப் பிடிக்காது. அப்படியே பல வருடங்கள் ஒரு ஞாயிறும் தவறாமல் எதிரெதிராக இருந்தோம்.

பிறகு அவருக்கு மாரடைப்பு வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாகிவிட்டார். இதயம் பலவீனமாகிவிட்டது, இனிப் பெரிதாக ஒன்றும் செய்வதற்கு இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார். சனம் தோடம்பழமும் சத்துமா டின்னுமாகப் படையெடுத்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் பேசினார்கள். அந்தக் குரலைக் கேட்டாலே நல்ல சுகமாக இருக்கிறவனுக்கும் நெஞ்சு வலிக்கும்.

ஆட்டம் திரும்பத் தொடங்கியது. அண்ணன் வென்றார். அடுத்த ஞாயிறும் வென்றார், அதற்கு அடுத்த ஞாயிறும் வென்றார். குணமும் மற்றவர்களும் அவருக்கு வெட்டுப் போடுவதை விட்டுவிட்டார்கள். நான் வெட்டினால் என்னை முறைத்தார்கள். இதில் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது என்னவென்றால், ஊரில் எல்லோரையும் முட்டாள் என்று சொன்ன அந்த மனிதர் இதை நம்பினார். “பாத்தியா, ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து மூள இன்னும் கூர்மையாயிட்டு,” என்று என்னிடம் பீற்றினார். எனக்கு அருவருப்பாக இருந்தது.

அது உடைந்தது ஒரு பழத்தால். அன்று அவர் மன்னர். என்னுடைய வெட்டில் நோஞ்சானின் கடைசி உயிரும் போனது. மேசையைச் சுற்றிக் கேட்டார். குணம் ஒரு பழத்தைப் போட்டான். அண்ணன் பிழைத்து வென்றார். ஆட்டம் முடிந்து மறைத்த சீட்டுகளைத் திருப்பினோம். குணத்தின் சீட்டில் கலகக்காரன் என்று இருந்தது. மன்னரைக் கொல்ல வேண்டிய கலகக்காரன் மன்னருக்குப் பழம் கொடுத்திருக்கிறான். உலகத்தில் வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு பிழை நடந்திருக்காது. நோயாளியிடம் வெறுங்கையோடு போகக்கூடாது என்று பழகிய கை, சீட்டிலும் அதையே செய்துவிட்டது.

அண்ணன் அந்தச் சீட்டை எடுத்துக் குணத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“குணம், நீ கலகக்காரன். எனக்கு ஏன் பழம் தந்தாய்?”

“கையில கிடந்திச்சு அண்ணன்... குடுத்தன்.”

“ஆஸ்பத்திரிக்கும் பழத்தோட வந்தாய். இஞ்சயும் பழத்தோட வாறாய். நான் இன்னும் சாகல்ல. விளங்கிச்சா? எல்லாரும் எழும்பிப் போங்க!”

இரக்கம் காட்டிப் பழகியவர்களுக்குத் திட்டு வாங்கத் தெரியாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமைகளில் அவர் சாப்பாட்டைக் குறைத்தார், சவரம் செய்வதை விட்டார், கொட்டகைப் பக்கம் போவதையும் விட்டார். தான் வென்றதெல்லாம் பிச்சை என்று தெரிந்த பிறகு அவருக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போய்விட்டது.

ஒரு காலையில் எனக்கு அழைப்பு எடுத்தார். “நீ மட்டும் வா. ரெண்டு பேரும் ஆடுவம். வேற ஒருத்தரும் வேணாம்.”

போனேன். வாசலிலேயே அவருடைய மனைவி செல்வியக்கா என்னை மறித்தார்.

“தம்பி, அவர் ஆத்திரப்படக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன், இண்டைக்கு ஒருக்கா விட்டுக் குடுங்க.”

அக்கா கேட்டதில் பிழை இல்லை. அவருக்குப் புருசன் உயிரோடு இருக்க வேண்டும். உள்ளே இருந்தவருக்கு வேறொன்று வேண்டியிருந்தது. நான் அக்காவுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

அவர் நோஞ்சானை எடுத்தார், நான் கோடரிக்காரனை எடுத்தேன். நான் இரக்கம் பார்க்காமல் வெட்டினேன். அவரும் என்னை ஒரு உயிருக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். கடைசியில் அவரிடம் விலகலும் இல்லை, பழமும் இல்லை. நோஞ்சான் செத்தார். கதவுக்குப் பின்னால் அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

அண்ணன் என் கையில் மிச்சமிருந்த சீட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நடுவில ஒருக்கா நீ வெட்டாம விட்டாய். எனக்கு ரெண்டு உசிரு இருக்கக்குள்ள. அப்ப உன்ர கையில வெட்டு இருந்ததா?”

இல்லை என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

“இருந்திச்சு.”

அவருடைய முகம் கறுத்தது. “அப்ப நீயும்தானா?”

“வெட்டினா உங்களுக்கு ரெண்டு சீட்டு வரும். அதோட நீங்க என்னச் சாகடிச்சிருவீங்க. அதுதான் பொத்திக்கொண்டு இருந்தன்.”

“பயந்தியா?”

“ஓம். பயந்தன்.”

அவர் மேசையில் இருந்த சீட்டுகளைத் திரும்பவும் அடுக்கி, அந்த இடத்தில் நான் வெட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தார். நான் சொன்னது சரியாக இருந்தது. “கோழை,” என்று என்னைப் பேசினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுச் சோறு போடச் சொன்னார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த கிழமை அவர் இறந்தார். அந்தச் சீட்டாட்டம்தான் கொன்றது என்று செத்த வீட்டில் குசுகுசுத்த வாய்கள் எனக்குத் தெரியும். பேசட்டும். தோடம்பழக்காரர்களின் பேச்சுக்கு நான் பதில் சொல்லுவதில்லை. செல்வியக்கா என்னிடம் சொன்னது ஒன்று மட்டும் போதும். அன்று நான் கிளம்பிப் போன பிறகு அவர் தானாகவே எழும்பித் தாடி வழித்தாராம்.

அவரைப் பற்றி நான் மனதில் வைத்திருப்பது ஒன்றுதான். மூன்று படி ஏற மூச்சு வாங்கிய அந்த மனிதரைப் பார்த்து ஊரே இரக்கப்பட்டது. நான் அவருக்கு உண்மையாகவே பயந்தேன். அது அவருக்குத் தெரிந்த பிறகுதான் அவர் செத்தார்.